எங்கள் லைன் பார்த்த பாண்டிச்சேரி

பாண்டிச்சேரி என்றால் மஞ்சள் சுவரும், வாயில் நுழையாத தெருப் பெயரும், காகிதப்பூ கவிழ்ந்த வாசலும் ஞாபகம் வரும் என்கிறார்கள். வரட்டும். எனக்கு ஞாபகம் வருவது ஈரப் புடவைதான். உள்பாவாடை மடிப்பெல்லாம் மணல். உட்கார்ந்தால் குத்துகிறது என்று வந்தவாசி வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவோம்.

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவள். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற பிரிவு. ஒருத்தி ஒரு துண்டைத் தைத்துத் தள்ளுவாள், அடுத்தவள் அதில் இன்னொன்றைச் சேர்த்துத் தள்ளுவாள். இப்படி வரிசையாக உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு மொத்தமாக லைன் என்று பெயர். ஒருத்தி பாத்ரூம் போனால் போதும், அவள் மிஷின் முன்னால் பீஸ் குவிந்துவிடும், சூப்பர்வைசர் வந்து நின்றுவிடுவார். அதனால் தலை நிமிர்த்தாமலே பேசக் கற்றுக்கொண்டோம். என் பக்கத்து மிஷின்காரியோடு நான் பேசியதில் முக்கால்வாசி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசியதுதான்.

போனஸ் வந்த பிறகு ஒவ்வொரு லைனும் ஒரு நாள் டூர் போகும். கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாங்களே காசு போட்டு பஸ் பிடிப்போம். எங்கள் லைன் வேறு ஊர் எதையும் யோசித்ததே கிடையாது, எப்போதும் பாண்டிச்சேரிதான். எழுதாத சட்டம் ஒன்று உண்டு. புருஷன், பிள்ளை, மாமியார் யாருக்கும் பஸ்ஸில் இடமில்லை. பால் குடிக்கிற குழந்தை என்றால் போனால் போகிறது என்று ஏற்றிக்கொள்வோம்.

வீட்டில் அனுமதி வாங்குவது தனிக் கதை. பாண்டிச்சேரி என்றதும் என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும்.

"போய்ட்டு வா. வரச்சொல்ல எனக்கு பாட்டிலு ஒண்ணே ஒண்ணு வாங்கிக்கினு வா."

எங்கள் லைனில் பாதிப் பேர் வீட்டில் இதே நிபந்தனைதான். தலையை ஆட்டிவிட்டுக் கிளம்புவோம். திரும்பும்போது வெறும் கையோடு வந்து, செக்போஸ்ட்டில் பிடுங்கிக்கொண்டார்கள் என்போம். எல்லா வீட்டிலும் ஒரே பதில், எல்லா வருஷமும் ஒரே பதில்.

"நம்ம கணக்குப்படி பாத்தா அந்தப் போலீசுக்குக் கொடலு வெந்து பூட்டிருக்கும்டி" என்பாள் பக்கத்து மிஷின்காரி.

விடிவதற்கு முன்னால் பஸ் கிளம்பும். பின் சீட்டில் பிரியாணி தேக்சா, வாயைத் துணியால் கட்டி, ஆடாமல் கயிறு போட்டு வைத்திருப்போம். பக்கத்தில் கத்திரிக்காய்த் தொக்கு. ஆற்காடு தாண்டுவதற்குள் யாராவது ஒருத்தி பசிக்கிறது என்பாள். மற்றவர்கள் அவளைத் திட்டுவார்கள். செய்யாறு வருவதற்குள் திட்டினவர்களே தட்டை எடுத்து நீட்டுவார்கள். பாண்டிச்சேரி போய்ச் சேரும்போது தேக்சாவில் அடிப்பிடித்தது மட்டும் மிச்சம் இருக்கும். மதியத்துக்கு ஏதாவது கடை பார்த்துக்கொள்வோம்.

ஊர் பார்ப்பது ஒப்புக்குத்தான். பிள்ளையார் கோயிலில் ஒரு கும்பிடு, பெரிய சர்ச்சில் ஒரு ஜெபம். எங்களில் இந்துவும் உண்டு, என்னைப் போல வேதக்காரர்களும் உண்டு. ஆனால் எல்லோரும் இரண்டுக்கும் போவோம், யார் சாமி கேட்டாலும் சரி என்று. அப்புறம் டிரைவர் எங்களை ஊருக்குத் தெற்கே, வீராம்பட்டினத்து மணலில் கொண்டுபோய் விடுவார். புடவையோடு அப்படியே கடலில் இறங்குவோம்.

ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது. கையைக் கோத்துக்கொண்டு அலை உடைகிற இடத்தில் நிற்போம். லைனில் யார் பக்கத்தில் யாரோ, தண்ணீரிலும் அப்படியேதான். யாரும் சொல்லிவைத்ததில்லை. பெரிய அலை வரும்போது தொண்டை கிழியக் கத்துவோம். வாயில் புகுந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, "இன்னாடி இது, நம்ம ஊட்டுக் கெணத்துத் தண்ணி மாதிரியே கீது" என்பாள் பக்கத்து மிஷின்காரி. தோல் ஷெட் கழிவால் கிணறெல்லாம் உப்பாகிப்போன பாலாற்றங்கரையில் குடியிருப்பவர்களுக்கு அது வேடிக்கைப் பேச்சு மட்டும் இல்லை என்று தெரியும். இருந்தாலும் சிரிப்போம்.

வீட்டில் நான் அப்படிக் கத்தியதே இல்லை. என்னுடையது மாமியாரும் நாத்தனாரும் இருந்த வீடு. சிரிப்பதற்குக்கூடக் கொல்லைப் பக்கம் போவேன். அந்தக் கடலில் நான் சந்தோஷமாக இருந்தேன். சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது, என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் லைன் கலைந்துபோனது. சிலரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், சிலர் நின்றுவிட்டோம். பக்கத்து மிஷின்காரி ஓசூரில் மகள் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். டூர் என்ற பேச்சே இல்லாமல் போய்விட்டது.

போன தை மாதம் என் மகன் வந்து, "ம்மா, பாண்டிச்சேரி போலாம்" என்றான். அவன் வேலூரில் வேலை பார்க்கிறான். மருமகள் ஆஸ்பத்திரி லேபில். மூன்று வயதில் ஒரு பேத்தி. வீட்டுக்காரர் அவர் பக்கத்து உறவில் கல்யாணம் என்று நின்றுகொண்டார். எனக்குத் தூக்கம் வரவில்லை. மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது, அடுத்த வருஷம் இந்தக் கால் எந்த நிலைமையில் இருக்குமோ தெரியாது. எனக்கு அந்த ஊரில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். இன்னொரு தடவை அந்தத் தண்ணீரில் இறங்க வேண்டும்.

மகன் நல்லவன். அதுதான் பிரச்சினையே. நடக்கும்போது கால் வலிக்கக் கூடாது என்று எனக்கு ஷூ வாங்கி வந்திருந்தான். திருப்பிப் பார்த்தேன், ஓரத்தில் ஒரு தையல் தவறியிருந்தது. சொல்லவில்லை. பழைய பிரெஞ்சு வீடு ஒன்றை லாட்ஜாக மாற்றியிருந்தார்கள், அதில் ரூம். காலையில் பல்லை உடைக்கிற மாதிரி ஒரு ரொட்டி கொடுத்தார்கள். அப்புறம் ஒவ்வொரு தெருவாக நடந்து, ஒவ்வொரு கதவு முன்னாலும் என்னை நிறுத்திப் படம் எடுத்தான். இத்தனை வருஷம் வந்தும் இந்தத் தெருக்களை நான் பார்த்ததே இல்லை என்பது உண்மைதான். அழகாகத்தான் இருந்தன. ஆனால் பூட்டிக்கிடக்கிற வீட்டுக் கதவை எத்தனை நேரம் பார்ப்பது?

காந்தி சிலைக்குப் பக்கத்தில் நிற்கும்போது ஓசூரிலிருந்து போன்.

"எறங்கினியா?" என்றாள். எப்படி இருக்கே, சாப்பிட்டியா எதுவும் கிடையாது.

"எங்க எறங்கறது, இங்க வெறும் பாறையா போட்டு வச்சிருக்கானுங்க."

"வீராம்பட்டினம் போவ வேண்டிதானே?"

"அவன் உடமாட்டேன்றான்டி."

"பெத்தது நீயா அவனா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

மகனிடம் மறுபடி கேட்டேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்றான். பழைய கலங்கரை விளக்கம், மியூசியம் என்று அடுக்கினான். மருமகளுக்கு இதில் தலையிட நேரமில்லை. குழந்தைக்கு ஊட்டுவதும், சிந்தினதைத் துடைப்பதும், தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தாள். கடல் பக்கம் அவள் திரும்பிப் பார்த்த மாதிரியே எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம், ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில், நான் காரில் ஏறாமல் நின்றேன். வீராம்பட்டினம் போனால்தான் ஏறுவேன் என்றேன். சின்னப்பிள்ளைத்தனம்தான். வேறு வழி தெரியவில்லை.

"சரி, பத்து நிமிஷம். தூரமா நின்னு பாத்துட்டு வந்துடணும்" என்றான்.

மணலில் இறங்கி நின்றோம். கடல் இருந்தது, மீன் வலை காய்ந்தது, தூரத்தில் படகுகள். கொஞ்சம் தள்ளி ஒரு டூர் பஸ் வந்து நின்றது. கிளிப்பச்சையில் ஒரே மாதிரி புடவை கட்டிய பெண்கள் இறங்கி வந்துகொண்டே இருந்தார்கள். நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு குரல் கேட்டது.

"இன்னாடி பேஜார் பண்ணிக்கினு கீற, புடவையத் தூக்கிச் சொருவு, வா."

எங்கள் பக்கத்துப் பேச்சு. நேராக அவர்களிடம் போனேன்.

"எந்த ஊரும்மா?"

"பேர்ணாம்பட்டு ஆயா."

ஆயா என்றது சுருக்கென்று இருந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்தப் பெண்ணின் விரலில் தோல் ஒட்டுகிற சொல்யூஷன் கறை. நகத்தில் ஊசி இறங்கின வடு.

"ஷூ கம்பெனிதானே? நானும் லைன்காரிதான். ஆம்பூரு."

அவ்வளவுதான். ஆயா அக்காவாகிவிட்டாள். டார்கெட் ஜாஸ்தியா கம்மியா, சூப்பர்வைசர் ஆம்பளையா பொம்பளையா என்று விசாரணை நடந்தது. "வாக்கா, எறங்கலாம்" என்று ஒருத்தி கையை நீட்டினாள். ஷூவைக் கழற்றி, போனை அதற்குள் போட்டுவிட்டுப் போனேன்.

மூட்டைப் பற்றிச் சொன்னதும் இரண்டு பேர் இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர் முழங்காலைத் தொடும்போது பின்னால் மகன் கத்துவது கேட்டது. பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தான். ஓரத்தில் நின்ற பெண் அவனை மறித்தாள்.

"அண்ணா, நீங்க அங்கயே நில்லுங்க. ஆம்பளைங்க இந்தப் பக்கம் வரக்கூடாது."

"அது எங்கம்மாங்க."

"எங்களுக்கும் தெரியும். நாங்க பாத்துக்கறோம்."

அலை வந்தது. நான் கத்தினேன். இத்தனை வருஷம் கழித்து அந்தச் சத்தம் எனக்குள்ளே இருந்ததே என்று எனக்கே ஆச்சரியம். அடுத்ததுக்கும் கத்தினேன், அதற்கடுத்ததுக்கும். கண்ணில் தண்ணீர் வந்தது. கடல் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டேன். கரையில் மகன் என் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாருக்கோ பதில் சொல்வது தெரிந்தது. "எறங்கிட்டாங்க ஆன்ட்டி" என்று சொன்னானாம், மருமகள் அப்புறம் சொன்னாள்.

காரில் துண்டு விரித்து உட்காரவைத்தார்கள். மகன் திண்டிவனம் வரை பாட்டுக்கூடப் போடாமல் ஓட்டினான். கோபம் இல்லை, எனக்கு அவன் முகம் தெரியும். ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ம்மா, வருஷா வருஷம் பாண்டிச்சேரி வந்திருக்க. நாங்க சின்னப் பசங்களா இருக்கச்சொல்ல ஒரு தடவகூட எங்களக் கூட்டினு வரணும்னு உனக்குத் தோணலயா?"

பஸ்ஸில் இடமில்லை, லைன் சட்டம் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். உப்பு காய்ந்து முகம் இழுத்துக்கொண்டிருந்தது. பொய் சொல்லத் தெம்பில்லை.

"உங்களையெல்லாம் உட்டுட்டு இருக்கத்தான்டா வருவேன்" என்றேன்.

அவன் கண்ணாடியில் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தான். எனக்கு மனசு சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. வண்டி வந்தவாசி ரோட்டில் திரும்பியது. பின் சீட்டில் என் பக்கத்தில் மடியில் தூங்குகிற குழந்தையோடு உட்கார்ந்திருந்த மருமகள் மெதுவாகக் கேட்டாள்.

"அத்தே, அடுத்த மாசம் ஒரு நாள் வந்து பாப்பாவப் பாத்துக்கிறீங்களா?"

"எதுக்கு?" என்று என் மகன் கேட்டான்.

நான் கேட்கவில்லை. என்றைக்கு வரவேண்டும் என்று மட்டும் கேட்டேன்.