காதசைக்கும் பாடம்

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டின் மழைக்காலம். புதிதாக வந்த தலைமையாசிரியை முதன்முதலாகப் பார்த்தபோது, அறிவியல் ஆசிரியை மேசைமேல் ஏறி நின்று, ஒழுகும் கூரைக்கு நேரே வாளியை ஏந்தியிருந்தார். "புத்தகத்தை மூடுங்க! சொட்டு உருண்டையா விழுதா, நீளமா விழுதா? பார்த்துச் சொல்லுங்க." கூரை ஒழுகினால் முறையிடாமல் பாடம் நடத்துபவரை என்ன செய்வது என்று தலைமையாசிரியைக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை.

ஆய்வகத்துக்குப் பூட்டு உண்டு, சாவி உண்டு. உள்ளே உடைந்த பெஞ்சுகள் மட்டுமே உண்டு. ஆகவே பிள்ளைகளின் உடம்பையே அவர் ஆய்வகமாக்கிக்கொண்டார். "அரசாங்கம் ஒண்ணும் தரலைன்னு யார் சொன்னது? ஆளுக்கு ரெண்டு கை, ஒரு நாக்கு, ஒரு முதுகெலும்பு இருக்கே! உடைச்சா மட்டும் மாத்தித் தர மாட்டாங்க." எவர் எதைச் சொன்னாலும், "எப்படித் தெரியும்?" என்பார். ஆசிரியர் அறையில் தேநீர் ஆறிவிட்டது என்று சொல்லவும் மற்றவர்களுக்குப் பயம்.

பல ஆண்டுகள் கழித்து, இந்த ஆண்டு, மனிதன் எப்படித் தோன்றினான் என்ற பாடத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். "குரங்கு அது இதுன்னு சொல்லி நம்ம பரம்பரையையே கேவலப்படுத்தறாங்க" என்று அதற்காக மேடைதோறும் முழங்கியவர், ஆளுங்கட்சிக்காரரான பள்ளிக்குழுத் தலைவர். மீறி நடத்தினால் இடமாற்றம் உறுதி.

"டீச்சர், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். அதை நடத்திடாதீங்க" என்றார் தலைமையாசிரியை.

"புத்தகத்துல இல்லாததை நான் ஏன் மேடம் நடத்தப்போறேன்?"

இவ்வளவு எளிதில் அவர் ஒப்புக்கொண்டதுதான் தலைமையாசிரியைக்குச் சந்தேகமாக இருந்தது.

அடுத்த வாரமே தலைவர் சொல்லாமல் கொள்ளாமல் வகுப்பில் நுழைந்தார். பின்னாலேயே தலைமையாசிரியை ஓடினார். உள்ளே பிள்ளைகள் எல்லாரும் முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன கூத்து இது?"

"தசைப் பாடம் சார். காதை ஆட்டிப் பார்க்கறோம். யாருக்குமே வரலை" என்றாள் முதல் பெஞ்சுச் சிறுமி.

தலைவரின் முகம் மலர்ந்தது. "இதுகூடவா வரலை?" கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு காதுகளும் விசிறிபோல் ஆடின. வகுப்பு கைதட்டி ஆர்ப்பரித்தது. "எங்க அப்பா இதைவிட நல்லா ஆட்டுவாரு!" என்றார் தலைவர்.

"மாடு ஈ விரட்ட ஆட்டும். நமக்கு எதுக்கு சார் அந்தத் தசை? எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டாள் அதே சிறுமி.

"வழிவழியா வர்றதும்மா. அப்பா, தாத்தா..."

"அவருக்கு முன்னாடி?"

"அவரோட தாத்தா."

"அவருக்கும் முன்னாடி? ரொம்ப ரொம்ப முன்னாடி?"

ஆடிக்கொண்டிருந்த காதுகள் நின்றன. தலைவர் ஆசிரியையைப் பார்த்தார். வாயே திறவாத ஆசிரியையோ, சன்னலுக்கு வெளியே எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலுவலக அறைக்கு வந்த தலைவர், ஒரு குவளைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "அந்தப் பாடத்தை அந்தம்மா நடத்தலை. நானே பார்த்துட்டேன்" என்று சொல்லிவிட்டு விடுவிடென்று வெளியேறினார்.

தலைமையாசிரியை நெற்றி வியர்வையைத் துடைப்பதற்குள், அறிவியல் ஆசிரியை கதவருகே தலையை நீட்டினார்.

"மேடம், ஒரு சின்ன உதவி. 'பி' பிரிவுக்கும் அவரை ஒரு நாள் வரச்சொல்லுங்களேன்."