விருத்தம் இல்லாத பிளேட்டு

ராஜபாளையத்தில் நான் காபி கிளப் வைத்திருந்த காலம் அது. கிராமபோன் பெட்டி வந்த பிறகுதான் கடையில் கூட்டம் சேர்ந்தது. ஆனால் நிதானமான பாட்டைப் போட்டால், ஒரே காபியை வைத்துக்கொண்டு பெஞ்சைவிட்டு எழுந்திருக்கமாட்டார்கள். புதிதாக வந்தவன் இடமில்லாமல் எதிர்க்கடைக்குப் போய்விடுவான். அதனால் துள்ளலான மெட்டு, திரும்பத் திரும்ப வரும் ஒரே அடி, இப்படிப்பட்ட பாட்டுப் பிளேட்டுகளையே வாங்கிப் போட்டேன். பிளேட்டு கம்பெனி ஏஜெண்டும் எங்களைப் போன்ற கிளப்காரர்களை விசாரித்துத்தான் எதைப் பதிவு செய்வது என்று முடிவு செய்வார். என் ரசனைக்கு அவ்வளவு மரியாதை! ரசனையாவது ஒன்றாவது, எனக்குக் கல்லாப்பெட்டிதான் காது.

என் மனைவியின் அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரில் நாடகத்தில் பாடிக்கொண்டிருந்தார். அவர் விருத்தம் எடுத்தால் கேட்கவேண்டும். நாலு வரிச் செய்யுளைத் தாளமில்லாமல் ஆரம்பித்து, ராகம் மாற்றி ராகம் மாற்றி அரைமணி நேரம் கொண்டுபோவார். ஏஜெண்டிடம் அவரைச் சிபாரிசு செய்தது நான்தான். பிளேட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான் இடம்.

"ஒரு பக்கம் விருத்தம், மறுபக்கம் பாட்டுன்னு வச்சுக்கிடலாமா மாப்ள?" என்று மச்சான் கேட்டார்.

"விருத்தத்த எவன் மச்சான் வாங்குவான்? ரெண்டு பக்கமும் பாட்டா இருக்கட்டும். சங்கதி கிங்கதின்னு இழுத்துக் கெடுத்துராதீக."

"சரி, ஊருக்குப் பாட்டு. எம் மக கல்யாணத்துல விருத்தம் பாடி ஆசையத் தீத்துக்கிடுதேன்" என்றார்.

பிளேட்டு நன்றாக விற்றது. நாடகக் காண்டிராக்டர்கள் அவரை வீடு தேடி வந்து அழைத்தார்கள். போன இடமெல்லாம் அந்தப் பாட்டைத்தான் கேட்டார்கள். விருத்தம் எடுத்தால் விசில் பறந்தது. காண்டிராக்டர்கள் முகத்தைச் சுளித்தார்கள். மச்சான் மெல்ல மெல்ல விருத்தத்தை விட்டுவிட்டார். என் கடையிலும் அவர் குரல்தான் ஓயாமல் பாடிக்கொண்டிருந்தது.

சில வருஷம் கழித்து மச்சான் மகள் கல்யாணம் வந்தது. பந்தி முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்த மத்தியானம், மச்சான் கண்ணை மூடி விருத்தம் ஆரம்பித்தார். டிக்கெட் கிடையாது, காண்டிராக்டர் கிடையாது. முதல் ராகம் நன்றாகவே வந்தது. அடுத்த ராகத்துக்குப் போகத் தெரியாமல் நின்றார். மறுபடி முதலிலிருந்து எடுத்தார். மறுபடியும் அதே இடத்தில் நின்றுபோனார். பிறகு கண்ணைத் திறந்து, பிளேட்டுப் பாட்டைப் பாடினார். பந்தலே சேர்ந்து பாடியது. கல்யாணப் பெண்ணும் சிரித்துக்கொண்டே கைதட்டினாள்.

கொல்லைப்பக்கம் முகம் கழுவப் போனவரின் பின்னாலேயே போனேன்.

"எம்புட்டோ தேடிப் பாத்தேன் மாப்ள, வழி தெரியல. பெத்த மகளுக்கும் விக்கிற பாட்டத்தான பாடுனேன்" என்றார்.

அவர் காலில் விழுந்திருக்கவேண்டும் நான். "எல்லாரும் ரசிச்சாகளே மச்சான்" என்று மட்டும் சொல்லிவைத்தேன். பந்தலில் அவர் தடுமாறிக்கொண்டிருந்தபோது, சீக்கிரம் பாட்டுக்கு வந்துவிடமாட்டாரா என்று என் மனசும் அவசரப்பட்டது. அதை அவர் சாகும்வரை நான் அவரிடம் சொல்லவில்லை.