மெனிக்காவின் தங்கை முறை

அறுபத்தெட்டு வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றபின் நான் போன முதல் பயணம் இது. இந்தப் பக்கத்தை எழுத ஒரு பகல் போய்விட்டது. போகட்டும், நானே எழுதினேன். காரணம் மட்டும் சந்தோஷமானதல்ல. கண்டிச் சந்தைக்கு மிளகு கொண்டுவரும் கிரிபண்டா என் பழைய சிநேகிதன். அவன் மனைவி செத்துப்போனாள் என்று ஐப்பசி மழையில் சேதி வந்தது.

கண்டியிலிருந்து பேராதனை, ரயிலில் நாலு மைல். ஸ்டேஷன் பெயரை யாரிடமும் கேட்காமல் நானே வாசித்து இறங்கினேன். பிறகு மலைப்பாதையில் மூன்று மைல் நடை. அட்டை அதிகம், போகிறவர்கள் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள். ஊரின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அவர்களுக்குத்தான் தொல்லை.

ஊருக்கு வெளியே பிரேத ஊர்வலம் பாதையில் நின்றிருந்தது. இடுகாட்டுக்குப் போகும் வழியில் புதிதாகக் கம்பிவேலி, ஒரு பலகை. தலைமுறை தலைமுறையாக அவர்கள் புதைத்துவந்த நிலம் தேயிலைத் தோட்டத்துக்கு விற்கப்பட்டுவிட்டதாம். பண்டா என்னைக் கண்டதும், "அண்ணே, இப்ப எழுத்துத் தெரியுந்தானே? இதுல என்ன போட்டிருக்கு?" என்றான்.

பலகையில் இங்கிலீசும் தமிழும் மட்டும் இருந்தன. அந்த ஊராரின் சிங்களம் இல்லை. நான் குஷியாக, உரக்க வாசித்தேன்: "தோட்டத்துக் காணி. உள்ளே வருவோர் தண்டிக்கப்படுவர்." ஓர் எழுத்தும் தவறவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் பிரேதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வேலிக்கு உள்ளிருந்து தோட்டத்துக் கங்காணி சிரித்தான். "பெருசு, நல்லாத்தான் படிக்கிறீங்க. அப்படியே பொணத்தத் திருப்பச் சொல்லுங்க."

செத்தவளின் அக்கா மெனிக்கா முதல் கட்டையைப் பிடுங்கினாள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வீட்டுக்கு ஒருவராக இறங்கினார்கள். கம்பியை அறுக்காமல் சுருட்டி ஓரமாக வைத்தார்கள். அவளை அவள் தாய்க்குப் பக்கத்தில் புதைத்தோம்.

மறுநாள் ஊர் அதிகாரியான விதானை இரண்டு பொலிஸ்காரர்களோடு வந்தார். "வேலியப் புடுங்கினது யாரு?"

அங்கே அத்தம் என்று ஒரு வழக்கம். இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ, கூலி கிடையாது. எத்தனை கை இறங்கினாலும், அன்று யாருடைய முறையோ அவருடையதுதான் வேலை.

மெனிக்கா கேட்டாள்: "விதானையார், நேத்து யாரு முறை?"

அவரும் அந்த ஊரில் பிறந்தவர். அத்தம் அவருக்கும் தெரியும்.

"எந்தங்கச்சி முறை. அவ வேலை. போயி அவளக் கேளுங்க."

பொலிஸ்காரர்களிடம் அது செல்லுபடியாகவில்லை. செத்தவள் இல்லாவிட்டால் புருஷன் என்று பண்டாவின் கையைக் கட்டினார்கள். எல்லோரும் எங்களையும் கட்டு என்று கையை நீட்டினார்கள். அத்தனை பேரைக் கட்டக் கயிறு இல்லை. "அண்ணே, நாத்து முத்திப்போயிரும்," என்றான் பண்டா.

அவன் வயலில் அன்றே ஊர் இறங்கியது. நானும் இறங்கினேன். அவனுக்குச் சிறையில் மூன்று மாதம் மறியல் கிடைத்தது. வேலி முள்கம்பியாக மறுபடி வந்துவிட்டது. அடுத்து அந்த ஊரில் சாகிறவருக்கு என்ன வழி என்று எனக்குத் தெரியாது.

அத்தத்தில் ஒருநாள் கொடுத்தவனுக்கு ஒருநாள் திருப்பித் தரவேண்டும். எனக்கு ஏது வயல் என்று அன்று நாற்று நடும்போதே சொன்னேன்.

மெனிக்கா சேற்றில் நின்றபடியே, "வயல் இல்லாட்டி என்ன, சாகமாட்டியா? அன்னைக்கு வர்றோம்," என்றாள். அந்த இரண்டு நாளில் அவர்கள் சிரித்தது அப்போதுதான்.

ஆகவே, வழி: கண்டி ஸ்டேஷனில் இறங்கி, டவுனைத் தாண்டி, கட்டுகஸ்தோட்டை வீதியில் நடந்தால் நான் இருக்கும் மஹய்யாவ. வேட்டியில் சேறோடு ஒரு கூட்டம் வந்து வழி கேட்டால் காட்டிவிடுங்கள். எங்கள் சுடுகாட்டுக்கு வேலி இல்லை. இன்றுவரை பலகையும் இல்லை. நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.