எங்கள் கரைக்கும் கல் வந்தது

மெரினாவில் குடும்பத்தோடு உட்கார்ந்து சுண்டல் தின்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் மேல் தப்பில்லை, காற்று வாங்க வந்தவர்கள். ஆனால் அவர்கள் உட்கார்ந்திருப்பது எங்களுக்கு வந்து சேர வேண்டிய மணல். தண்ணீரில் கால் நனைக்க இவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறதே என்று அங்கே சலித்துக்கொள்கிறார்கள். எங்கள் பக்கம் கடல் அடுப்படிக்கே வந்து காலை நனைத்துவிட்டுப் போனது.

இதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. எங்கள் கடலில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கேயிருந்து வடக்கே, கரையை ஒட்டி நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு அலை அரித்துக்கொண்டு போனதை இன்னொரு அலை கொண்டுவந்து போடும். நடுவில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவர் நீட்டினார்கள். மணல் அங்கேயே தடுக்கி நின்றுவிட்டது. தெற்கே கரை வளர்ந்தது, வடக்கே தேய்ந்தது. ராயபுரம் தாண்டி எண்ணூர் வரைக்கும் எந்தக் குப்பத்தில் கேட்டாலும், முன்பு குடியிருந்த தெரு எது என்றால் கடலுக்குள்தான் கை காட்டுவார்கள்.

நான் பிறந்தது திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு குப்பம். தொண்ணூறுகளின் கடைசியில் அதற்கு அடுத்தாற்போல் வடக்கே இருக்கும் குப்பத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். கூப்பிடு தூரம்தான். அம்மா வீட்டில் நண்டுக் குழம்பு கொதித்தால் எனக்கு மூக்கில் ஏறிவிடும் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். நைனாவுக்குக் கட்டுமரம், என் வீட்டுக்காரருக்கும் கட்டுமரம். நான் காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தேரடிப் பக்கம் கூடை வைத்து மீன் விற்றேன். ஓடிக்கொண்டிருந்தது.

கல்யாணமான மறு வருஷம் மழைக்காலத்தில் அம்மா வீட்டுக் குப்பத்தில் முன்வரிசை வீடுகளைக் கடல் எடுத்தது. அடுத்த வரிசையில் அம்மா வீடு. நைனா, அம்மா, மொத்த ஊரும் போய்க் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்தது. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரியெல்லாம் அந்தச் சாலையில்தான் வரும். எத்தனை மனு கொடுத்தாலும் எட்டிப் பார்க்காத அதிகாரிகள், லாரி நின்றால் வியர்க்க விறுவிறுக்க ஓடி வருவார்கள். எங்களுக்குத் தெரிந்த பொருளாதாரம் அவ்வளவுதான். வீடு விழுந்தால் அது எங்கள் நஷ்டம். லாரி நின்றால் நாட்டுக்கே நஷ்டம்.

கல் வந்தது. ஆளுயரக் கருங்கல், லாரி லாரியாக. முதல் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிப் பூசணிக்காய் உடைத்தார்கள். நானும் புருஷன் வீட்டிலிருந்து போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அம்மா அன்றைக்குத்தான் நிம்மதியாக ஒரு வாய் சோறு சாப்பிட்டாள்.

வீடு நின்றது. ஆனால் கல்லுக்கு முன்னால் மிச்சமிருந்த மணலும் அந்த வருஷத்துக்குள் போய்விட்டது. கட்டுமரம் என்பது நாலைந்து மரத்தைக் கயிற்றால் பிணைத்தது. அலையோடு ஏறி வந்து மணலில் தட்ட வேண்டும், கட்டை அவிழ்த்து மரத்தைக் காயப்போட வேண்டும். கல்லில் வந்து தட்டினால் மரமும் போகும், ஆளும் போவான். வீடு வேண்டும் என்று கல் கேட்டவர்கள், கரையில்லாமல் தொழில் எப்படி என்று யோசிக்கவில்லை. எப்படி யோசிப்பார்கள்? தலைக்கு மேல் ஓடு சரிந்துகொண்டிருந்தது.

நைனாவின் மரம் ஒரு நாள் கல்லில் மோதிப் பிளந்தது. காசிமேட்டில் லாஞ்சுப் படகுகளுக்கே இடமில்லை, கட்டுமரத்தை யார் சீந்துவார்கள்? அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"இன்னாம்மே, உங்க ஊர்ல ஒரு வார்த்த கேட்டுப் பாக்கட்டுமா?"

எங்களில் ஒவ்வொரு குப்பத்துக் கரையும் அந்தக் குப்பத்துக்கே சொந்தம். கடலில் எங்கே வேண்டுமானாலும் வலை போடலாம், ஆனால் அடுத்த ஊர்க் கரையில் மரத்தை ஏற்ற வேண்டுமென்றால் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டாக வேண்டும். பெண் கொடுத்த ஊரில் போய் அப்படிக் கேட்டு நிற்பது எவ்வளவு பெரிய தலைகுனிவு என்று எங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும். அம்மன் கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியது. நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். எங்கள் ஊர்த் தலைவர் எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைத்தார்.

"உங்க கல்லு வந்ததுலேந்து எங்க மணலு போய்கினே கீது மாமா. அதயும் துன்னுட்டு, மரத்த வேற இங்கதான் வுடணுமா?"

"துன்னுதுதான். இல்லேன்னு சொல்லல," என்றார் நைனா. "எனுக்கு வேற எங்க போறதுன்னு தெர்ல."

கோயில் சுவரோரம் பெண்களோடு நின்றிருந்த எனக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. கடைசியில் தலைவர், "பொண்ணு குடுத்த மனுசன், வுட்டுட்டுப் போட்டும்" என்றார். நைனா கையெடுத்துக் கும்பிட்டார். பிளந்த கட்டையை மாற்றிக் கட்டிய நாளிலிருந்து அவருடைய மரம் என் வீட்டுக்குப் பின்னால் இருந்த மணலில் வந்து தட்டியது.

தலைவர் சொன்னது கோபத்தில் சொன்னதல்ல. அம்மா வீட்டுக் குப்பத்தில் கல் விழுந்ததிலிருந்து கடல் அங்கே கடிக்க முடியாததை இங்கே கடிக்க ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் எங்கள் கரை குறுகிக்கொண்டே வந்தது. வலை காயப்போடும் இடம் போனது. தெருப் பைப்பு போனது. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் எந்தச் சண்டை வந்தாலும் கடைசியில் அவர் கடலைக் கை காட்டுவார்.

"உங்கப்பன் வூட்டு சீரு இன்னும் வந்துகினே கீது பாரு."

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

ஒரு நாள் காலை, வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார். நான் ஸ்டவ்வில் சோறு வைத்துவிட்டுக் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். பின்சுவர் ஒரு பெருமூச்சு விட்டதுபோல் வெளிப்பக்கம் சாய்ந்தது. ஸ்டவ், சோற்றுப் பானை, அம்மி, அரிசி டின் எல்லாம் அதோடு போயின. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால், வாசலிலிருந்தே வீட்டுக்குள் வழியாகக் கடல் தெரிகிறது. நான் அழவில்லை. திட்டினேன். கடலைத் திட்டினேன், துறைமுகத்தைத் திட்டினேன், என்னை இங்கே கட்டிக்கொடுத்த நைனாவையும் திட்டினேன். வாயில் வந்தது எதையும் விடவில்லை.

எங்கே போவது? கொருக்குப்பேட்டையில் வாடகைக்குக் கேட்டால் மீன் வாடை வரும் என்று கதவைச் சாத்துவார்கள். அரசாங்கம் வீடு கொடுத்தாலும் கடலே தெரியாத ஏதாவது ஒரு மூலையில் கொடுக்கும். மிச்சமிருந்தது ஒரு அறையும் கூடமும். அடுத்த மழைக்காலத்துக்கு அதுவும் தாங்காது. அந்த நாட்களில் ராத்திரி தூங்கியதாக எனக்கு ஞாபகமே இல்லை.

அரிப்பைப் பார்க்க ஒரு பொறியாளர் ஜீப்பில் வந்தார். நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும், எங்களை நிற்க வைத்துப் பேசாமல் தானும் வெயிலில் நின்று பேசினார். ஜீப்பு மேல் படிந்திருந்த தூசியில் விரலால் கோடு போட்டு, மணல் எப்படி வருகிறது, எங்கே நிற்கிறது என்று காட்டினார். அன்றைக்குத்தான் எனக்கு மெரினா கணக்கு புரிந்தது.

"அப்ப அங்க நிக்கிற மணல அள்ளிகினு வந்து இங்க கொட்டலாமே சார்?"

"கொட்டலாம்மா. அதான் சரியான வழி. ஆனா வருஷா வருஷம் கொட்டணும், வருஷா வருஷம் பணம் ஒதுக்கணும். கல்லுன்னா ஒரே தடவை."

"கல்லும்தான் உள்ள போய்டுது. திரும்பத் திரும்பக் கொட்றீங்களே?"

"அது வேற கணக்கு" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்தது.

"சரி, இங்க கல்லு போட்டா இதுக்கு வடக்க இன்னா ஆவும்?"

அவர் தூசியில் போட்ட கோட்டை உள்ளங்கையால் துடைத்தார். "அவங்க கேட்டா அவங்களுக்கும் போடுவோம்மா."

வடக்கே எல்லாக் குப்பமும் முடிந்து முகத்துவாரம் வரும் வரைக்கும் இப்படியே போட்டுக்கொண்டு போவார்கள் என்று அப்போது புரிந்தது. எங்கள் எல்லோருக்கும் அது புரிந்தது. புரிந்துகொண்டுதான் மறியலுக்கு நாள் குறித்தோம்.

தேரடியில் என் கூடைக்குப் பக்கத்தில் கூடை வைப்பவள் எங்களுக்கு அடுத்த வடக்குக் குப்பத்துக்காரி. என் அடுக்களை போன அன்று தன் வீட்டு ஸ்டவ்வைக் கொண்டுவந்து கொடுத்தவள். மறியல் என்று கேள்விப்பட்டதும், "உங்களுக்குக் கல்லு வந்தா எங்களுக்கு இன்னாக்கா ஆவும்?" என்று கேட்டாள். வஞ்சிர வியாபாரம் மும்முரமாக இருந்த நேரம். காதில் விழாததுபோல் நான் மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். அவளும் இன்னொரு தடவை கேட்கவில்லை.

நைனாவிடம் சொல்லத்தான் எனக்கு நாக்கு எழவில்லை. எங்கள் கரைக்குக் கல் வந்தால் எங்கள் ஊர் மரங்களுக்கும் இடம் போகும், ஆனால் எங்களுக்கு வீடாவது மிஞ்சும். அவருக்கு மரம் ஏற்றக் கடைசியாக இருந்த இடமும் போகும். மறியலுக்கு முதல் நாள் அவர் மரத்தை ஏற்றிக் கயிறு அவிழ்க்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். அவர் நிமிரவே இல்லை.

"நாளிக்கா?"

"ஆமா நைனா."

"சரி" என்றார்.

மறுநாள் சாலையில் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பக்கமும் கண்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. வெயில் தார் ரோட்டில் ஏறி உட்கார முடியவில்லை. நைனா தெற்கேயிருந்து நடந்து வந்தார். வந்தவர் என் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் தலைவருக்கே தாங்கவில்லை.

"நீ இன்னாத்துக்கு மாமா குந்திகினு கீற? கல்லு வந்தா உனுக்குத்தான பேஜாரு?"

"எம் பொண்ணு வூடு" என்றார் நைனா. நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். அவரைத் திட்டிய வாய் அது.

சாயங்காலத்துக்குள் அதிகாரிகள் வந்தார்கள், கல் போடுவதாக ஒப்புக்கொண்டார்கள், லாரிகள் நகர்ந்தன. கல் வந்து சேரக் கொஞ்ச நாளானது. அது வரைக்கும் நைனா தினமும் கடலுக்குப் போனார். ஒரு நாளும் விடவில்லை.

முதல் லாரி வந்த காலை அவர் அப்போதுதான் கரை ஏறியிருந்தார். மரத்தைக் கட்டவிழ்த்து, ஒவ்வொரு கட்டையாகத் தோளில் சுமந்து வந்து என் வாசலில் சாய்த்து வைத்தார். டிரைவருக்கு எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. நைனா போய் அரிப்பு அதிகமாக இருக்கும் இடத்தில் நின்று கையை ஆட்டினார். "வா, வா, இன்னும் வா. இங்கதான் ரொம்பத் துன்னுது. இங்க மொதல்ல கொட்டு." லாரி பின்னால் வந்தது. காலையில் அவர் மரத்தை இழுத்து ஏற்றிய தடம் அந்த மணலில் இன்னும் ஈரமாக இருந்தது. அதன் மேலேயே முதல் கல் விழுந்தது.

யாரோ பூசணிக்காய் உடைத்தார்கள். இந்தத் தடவை நான் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. நைனா என்னிடம் வந்தார், என் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டார், வடக்கே பார்த்தபடி நின்றார். அங்கே அடுத்த குப்பத்துக் கரையில் மணல் வெயிலில் பளபளவென்று கிடந்தது.

"அந்தக் குப்பத்துல நமக்கு வேண்டியவங்க யாருனா கீறாங்களா?" என்று கேட்டார்.

"ஒருத்தி கீறா நைனா," என்றேன். "இன்னிக்கி வரிக்கும் வேண்டியவதான்."