மெயினை அணைக்காத கை

கருப்பனாரைக் கும்பிடும் என் சொந்தங்களுக்கு, திருப்புலி நாட்டிலிருந்து சின்னராசு எழுதுகிறேன். வயது நாற்பத்தொன்று. பதினெட்டு வருடமாக மலையில் வயரிங் வேலை. அப்படிப்பட்ட நான் அரசாங்கத்தின் மின் கம்பியாள் தேர்வில் இரண்டு தடவை தோற்றுப் போனேன். வெட்கத்தை விட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

எனக்கு வேலை கொடுப்பவர் பேளுக்குறிச்சி ரஹீம் பாய். நல்ல மனுஷர். போன ஆவணியில் அவரே கூப்பிட்டு, "சின்னராசு, சர்டிபிகேட் இல்லாத ஆளை வெக்கக் கூடாதுன்னுட்டாங்க. தை வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்லப்பா" என்றார். வேறு தொழில் எனக்குத் தெரியாது.

எழுத்துத் தேர்வு எப்படியோ தேறிவிட்டது. செய்முறையில்தான் அடி. பலகையில் வயரிங் செய்ய வேண்டும். கடைசியில் கரண்ட் கொடுத்துப் பார்ப்பார்கள். பல்பு எரிந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். இணைப்பு இறுக்கமா, எர்த் சரியா, வயர் நேராகப் போகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் தனி மார்க். பாதுகாப்பில் ஒரு தப்புச் செய்தால் மற்றதைக் கூட்டுவதே இல்லை. என் பல்பு பளிச்சென்று எரிந்தது. ஆனாலும் ஃபெயில். மெயினை அணைக்காமல் வயரைத் தொட்டேனாம்.

"ஏனுங்க, கரண்ட்டே வராத பலகையில மெயினை எதுக்குங்க ஆஃப் பண்ணோணும்?"

தேர்வு நடத்திய அம்மா நிமிர்ந்து பார்த்தார். "வராதுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?"

எங்கள் மலையில் காற்றடித்தால் கரண்ட் போய்விடும். அந்த நேரம் பார்த்துத்தான் நாங்கள் வேலையை முடிப்போம். கரண்ட்தான் இல்லையே, மெயின் வரைக்கும் எதற்கு நடப்பது? அப்படியே பழகிவிட்டது. இரண்டாம் தடவை "மெயின், மெயின்" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனேன். பெயரைக் கூப்பிட்டதும் எல்லாம் மறந்துவிட்டது. கை தன் பாட்டுக்கு நேராக வயருக்குப் போனது. என் கையே என் பேச்சைக் கேட்கவில்லை என்றால், நான் யாரிடம் போய் முறையிடுவேன்? கருப்பனாரைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மார்கழியில் கடைசி வாய்ப்பு. அதற்கு முந்தின வாரம் நானும் மனைவி பாவாயியும் கருப்பனார் சோலைக்குப் போனோம். உட்கார்ந்து அழுதேன். "சாமி, என்னால ஆவுல. நீயே பாத்துக்க." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை.

திரும்பும்போது பாவாயி, "ஏனுங்க, செருப்ப எங்க உட்டீங்க?" என்றாள். கழற்றியதே எனக்கு நினைவில் இல்லை. போய்ப் பார்த்தால் சோலையின் எல்லைக்கல்லுக்கு வெளியே கிடந்தது. அந்தக் கல்லைச் செருப்போடு தாண்டுகிறவர் எங்கள் ஊரில் கிடையாது. சாமி உள்ளே இருக்கிறாரா இல்லையா என்று விசாரித்துவிட்டா கழற்றுகிறோம்? கரண்ட்டும் அப்படித்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து மெயின்தான் எனக்கு எல்லைக்கல். கரண்ட் இருந்தாலும் போனாலும் முதலில் அதை அணைத்துக் கும்பிடுவேன். தேர்விலும் கும்பிட்டேன். அந்த அம்மா ஒரு மாதிரி பார்த்தார், பார்க்கட்டும். தேறிவிட்டேன்.

ஆனால் என் சாட்சி அதோடு முடியவில்லை. மாசியில் சோளக்காட்டில் ஒரு மிளகுக் கடையில் வேலை. கரண்ட் போயிருந்தது. மெயினை அணைத்துவிட்டு, ஏணியில் நின்று இரண்டு கையாலும் வயரைப் பிடித்திருந்தேன். திடீரென்று எதிர்க்கடை பல்பு எரிந்தது. ரோடு முழுக்கக் கரண்ட் வந்துவிட்டது. என் கைக்கு மட்டும் வரவில்லை. ஐயோ சாமி! இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கையாலாகாமல் தவிக்கிற சொந்தங்களே, கேட்டது கிடைக்கவில்லை என்று அவரை விட்டுவிடாதீர்கள். நான் கேட்டது சர்டிபிகேட் மட்டும்தான். முதல் தடவையே அதைக் கொடுத்திருந்தால், அன்றைக்குச் சோளக்காட்டில் நான் மெயினை அணைத்திருக்க மாட்டேன்.