கோதை வாங்காத கிரைண்டர்

ஆந்திர எல்லைக்குள் இருக்கிற எங்கள் பிச்சாட்டூரில், எங்கள் தெருவில் கோதையைப் போல உழைக்கிறவள் கிடையாது. இதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். பெண்கள் சங்கத்தில் அவள் பெயருக்கு மூன்று முறை கடன் வந்தது. முதல் கடனில் அவள் புருஷன் கோவர்த்தனன் பைக் வாங்கினான். அடுத்தது அவன் தங்கச்சி கல்யாணத்துக்குப் போனது. மூன்றாவது எங்கே போனது என்று அவனுக்கே தெரியாது. அத்தனையையும் மாங்கூழ் ஃபாக்டரியில் கால் வீங்க நின்று அடைத்தவள் கோதைதான்.

நாலாவது கடனை மட்டும் அவனிடம் விடுவதில்லை என்று இருந்தாள். பெரிய கிரைண்டர் வாங்கி இட்லி மாவு அரைத்து விற்க வேண்டும், ஃபாக்டரிக்கு முழுக்குப் போட வேண்டும். என்னிடம் மட்டும்தான் சொன்னாள். புத்தூரில் ஒரு கடையில் கிரைண்டரையும் பார்த்து வைத்தோம்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தவளிடம் கோவர்த்தனன், "இன்னாடி, லோன் வந்ததச் சொல்லவே இல்ல? ஷேர் ஆட்டோவுக்கு அட்வான்ஸ் அனுப்பிட்டேன்," என்றான்.

"அது கிரைண்டருக்குய்யா."

"ஆட்டோ ஓடினா பத்து கிரைண்டர் வாங்கலாம். போய் சோத்தப் போடு."

வங்கிக் கணக்கு தொடங்கியபோது அவளிடம் போன் இல்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் செய்கிற கூத்தை அவளும் செய்தாள், புருஷன் நம்பரைக் கொடுத்தாள். பணம் வந்த செய்தி அவன் போனுக்குத்தான் போனது. அந்தப் போனிலிருந்தே பணமும் போய்விட்டது.

சங்கத் தலைவி கிருஷ்ணம்மாவிடம் போய் அழுதாள்.

"கிரைண்டர் வாங்கிட்டேன்னே சொல்லுடி. இல்லன்னா நம்ம யாருக்கும் அடுத்த லோன் வராது," என்றாள் அந்த மகராசி.

கடன் பணத்தில் என்ன வாங்கினார்கள் என்று அதிகாரி பார்வையிட வந்தபோது கிருஷ்ணம்மா வீட்டு கிரைண்டருக்குப் பக்கத்தில் கோதையை நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். "பாக சேசாரம்மா" என்று தெலுங்கில் பாராட்டிவிட்டு அவர் வண்டியேறினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஃபாக்டரிக் கூலியும் அதே கணக்கில்தான் விழுகிறது. இனி அதையாவது காப்பாற்றலாம் என்று, புதிதாக வாங்கிய தன் போன் நம்பரைக் கொடுக்க மறுநாள் வங்கிக்குப் போனாள். நானும் துணைக்குப் போனேன்.

"பழைய நம்பருக்கு ஓடிபி போகும்மா. வீட்டுக்காரரை அந்த போனை எடுத்துக்கினு வரச் சொல்லுங்க," என்றான் கவுண்டரில் இருந்தவன்.

கோதை நகரவில்லை. "அந்தாளுக்குத் தெரியாம மாத்தத்தான் சார் வந்தேன்."

"ரூல் அதாம்மா." பின்னால் நின்றவரின் சீட்டுக்குக் கை நீட்டினான்.

வெளியே வந்ததும் அவள் புது போன் அடித்தது. கிருஷ்ணம்மாதான். திங்கட்கிழமை முதல் தவணை, மறக்காதே என்றாள்.

கோதை போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"துட்டு வந்தா அந்தாளு போனுக்கு வருது," என்றாள். "கட்டச் சொல்றதுக்கு மட்டும் என் நம்பர் எல்லாருக்கும் தெரிஞ்சிகீதுக்கா."