வீரபாண்டி பார்க்கிற தூரம்

அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டில் எல்லாரும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக ஓடுவார்கள். வீரபாண்டி ஓடமாட்டார். அந்த ஊரிலேயே உயரமான கட்டடம் எதுவோ அதைத் தேடிப் பிடித்து, படிப்படியாக ஏறி, மொட்டைமாடி விளிம்பில் தன் ஆளைக் கொண்டுபோய் நிறுத்துவார். பிறகு மவுஸை நூல் நூலாக நகர்த்தி நாலு திசையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். கீழேயிருந்து எதிரி சுட்டுக்கொண்டே இருப்பான். "சுடட்டும்ப்பா, சாகப்போறது நானா?" என்பார். ஒரு சுற்று முடிய ஐந்து நிமிடம் ஆகும். முடிந்ததும் பக்கத்து மெஷினுக்கு நகர்ந்து உட்காருவார். அங்கேயும் அதே கட்டடம், அதே விளிம்பு, அதே சுற்று.

பர்துபாய் கம்ப்யூட்டர் தெருவில், முகம்மது சித்தீக் கவுண்டரில் நிற்கிற கடையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவறாமல் நடக்கிற கூத்து இது. இரண்டு மெஷினும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல இருக்கும். உள்ளே இருக்கிற கிராபிக்ஸ் கார்டு மட்டும்தான் வேறு. திரையில் தெரிகிற படத்தை வரைந்து தள்ளுவது அந்தக் கார்டுதான். ஒன்றில் என்விடியா, மற்றதில் ஏஎம்டி. ஆனால் தெருவில் யாரும் கம்பெனிப் பெயரைச் சொல்லி வாயை வலித்துக்கொள்வதில்லை. பச்சை, சிவப்பு, அவ்வளவுதான். இரண்டிலும் பெரிய கார்டைத்தான் வீரபாண்டி பார்ப்பார். பச்சை வாங்குகிற விலைக்குச் சிவப்பு ஒன்றரை வாங்கலாம். ஆறு மாதமாகப் பார்க்கிறார், வாங்கின பாடில்லை.

சித்தீக்குக் கீழக்கரை. வீரபாண்டிக்கு முதுகுளத்தூர்ப் பக்கம். ஒரே ஜில்லாக்காரன் என்கிற பாசத்தில்தான் அவர் இவ்வளவையும் பொறுத்துக்கொள்கிறார். "வாங்க வந்தியா, வழக்குத் தீக்க வந்தியா பாண்டி?" என்று கேட்பார். "ரெண்டுக்குந்தான் பாய்" என்று பதில் வரும்.

வீரபாண்டிக்கு வயது நாற்பத்தேழு. வேலை டவர் கிரேன் ஓட்டுவது. விடிகிற நேரத்தில் ஏறினால், அறுபது மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. கால் வைக்கிற இடமும் கண்ணாடி. "டாக்சி ஓட்டுறவனுக்கு முன்னாடி ரோடு. எனக்குக் காலுக்குக் கீழ ரோடு" என்று சொல்லிக்கொள்வார். கிரேன் ஓட்டுகிற விளையாட்டே ஒன்று இருக்கிறது என்று ஒருமுறை யாரோ ஆசையாகப் போட்டுக் காட்டினார்கள். அடிக்க வந்துவிட்டார். "வாரத்துல ஒருநா லீவு. அன்னைக்கும் டூட்டியா?"

இந்த வேலை பார்த்த கையும் கண்ணும் கார்டைச் சோதிக்கிற முறையே வேறு. மற்றவர்கள் பெட்டியில் அச்சடித்த எண்ணைப் படிப்பார்கள். இவர் கார்டை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார். "ரெண்டு கிலோவுக்குக் கொறையாது. ஒத்தப் பக்கம் சொருகிட்டு மறுபக்கத்த அந்தரத்துல விட்டா, தொங்காம என்ன செய்யும்?" என்று குனிந்து ஒற்றைக் கண்ணால் மட்டம் பார்ப்பார். அடுத்த வாரமே சைட் வொர்க்‌ஷாப்பில் இரண்டு கம்பித் துண்டுகளை அளவாக வெட்டி, ராவி, பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார். சித்தீக் முதலில் திட்டினார். பிறகு பார்த்தால் மற்ற கஸ்டமர்கள் அந்த முட்டு என்ன விலை என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

சண்டைக்கு ஆள் குறைவில்லை. கணக்கு ஆபீஸில் வேலை பார்க்கிற விஜயபாஸ்கர், கோயம்புத்தூர்க்காரர், பச்சைக் கட்சி. பார்சல் கம்பெனியில் இருக்கிற சஜீவன், யாழ்ப்பாணம், சிவப்புக் கட்சி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு கட்சியும் ஆஜராகிவிடும்.

"பச்சைல படம் நாலு மடங்கு ஓடுதுங்ணா. ஒண்ண நெசமா வரையுது, நடுவால மூணு படத்த அதுவே கணிச்சுப் போட்டுக்குது" என்பார் விஜயபாஸ்கர்.

"கணிச்சா?" என்பார் வீரபாண்டி.

"ஆமாங்ணா."

"கிரேன் கொக்கி எங்க இருக்குன்னு கேட்டா இருக்குற எடத்தக் காட்டணும். இங்கனதான் இருக்கும்னு குறி சொல்லப்படாது. குறி கேக்கணும்னா நான் கோடாங்கிட்டப் போயிருவேன், இந்தக் கடைக்கு எதுக்கு வாரேன்?"

"அதுதான் அண்ணை, சிவப்பை எடுங்கோ" என்று சஜீவன் உள்ளே புகுவார். "உவ்வளவு காசைக் குடுத்துப் பச்சை வாங்கிறது விசர் வேலை."

"ஏனுங், சிவப்பு மட்டும் கணிக்கறதில்லியா?"

"அதை நிப்பாட்டி வைக்கலாம்."

"இதையுந்தான் நிறுத்தலாமுங்!"

"நிப்பாட்டினா உங்கட நாலு மடங்கு எங்கை போகும்? சொல்லுங்கோவன்!"

இப்படியே ஒரு மணி நேரம் போகும். வீரபாண்டி நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் எண்ணெய் ஊற்றுவார். வெயில், நிழல், கண்ணாடியில் தெரிகிற பிரதிபிம்பம், இதெல்லாம் பச்சையில் ஒரு சுற்றுக் கூடத்தான் என்று விஜயபாஸ்கரைத் தட்டிக் கொடுப்பார். "ஆனா ஒண்ணர மடங்கு வெலைக்கு ஒண்ணர மடங்கு தூரம் தெரியுதான்னு கேளு" என்று சஜீவன் பக்கம் சாய்வார்.

தூரம்தான் அவருக்கு எல்லாம். அந்தத் தூரத்தில்தான் வினையும் வந்தது.

இரண்டு மாதமாக ஒரு புகார். "பாய், அந்தக் கடைசி மல கலங்கித் தெரியுது." முதலில் பச்சையைத் திட்டினார். சிவப்புக்கு மாறி உட்கார்ந்தார், அதிலும் கலங்கல். கணிப்பு வேலையை எல்லாம் நிறுத்திப் பார்த்தார்கள். சித்தீக் வயரை மாற்றினார், திரையை மாற்றினார். கலங்கல் மாறவில்லை. "ரெண்டு கம்பெனியும் கூட்டுக் களவாணி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

போன மாதம் ஒரு ஞாயிறு, வழக்கம்போல் உச்சியில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற சஜீவன் குனிந்து பார்த்தார். "கலங்கேல்லையே அண்ணை. மலை அடியிலை ஒரு பலகை கிடக்கு. பெற்றோல் ஷெட், ரெண்டு மைல் எண்டு வடிவா எழுதிக்கிடக்கு. தெரியேல்லையோ?"

விஜயபாஸ்கரும் பார்த்தார். அவருக்கும் தெரிந்தது. சித்தீக்குப் பலகை தெரிந்தது, எழுத்துச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் அவர் அதை வெளியே சொல்லவில்லை.

வீரபாண்டி மவுஸிலிருந்து கையை எடுத்தார். எழுந்து வெளியே போனார். சித்தீக் பின்னாலேயே ஓடி, முக்குக் கடையில் இரண்டு கரக் டீ சொல்லி ஒன்றைக் கையில் திணித்தார்.

"தூரப் பார்வ போச்சு பாய்."

"அட, ஒரு மலைக்கா இந்தப் பாடு? சும்மா இரி."

"மலன்னா விட்டுறலாம். எனக்குக் கீழ நாப்பது பேரு நிக்கிறான். தலைக்கு மேல ரெண்டு டன்னக் கொண்டு போறேன். வர்ற வியாழக்கிழம மெடிக்கல் வேற. பார்வ இல்லேன்னா ஆப்பரேட்டர் கார்ட வாங்கி வச்சுக்கிட்டு கலாஸ், முடிஞ்சது போன்னுருவான்."

"வியாழன் வரைக்கும் வாய மூடிட்டு ஏறேன்."

வீரபாண்டி அவரை ஒரு முறை முறைத்தார். "நீ கீழ நிப்பியா பாய்?"



மறுநாள் வீரபாண்டி கிரேன் ஏறவில்லை. காய்ச்சல் என்று போர்மேனுக்குச் சொல்லிவிட்டுக் கராமா பகுதியில் தன் ரூமில் கீழ்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பதினெட்டு வருடத்தில் பொய் சொல்லிப் போட்ட முதல் லீவு அதுதான். கட்டில் கால்மாட்டில் அவருடைய பழைய கம்ப்யூட்டர், மேலே லுங்கி போர்த்திக் கிடந்தது. இரண்டாம் நாளும் ஏறவில்லை. ரூம்காரர்கள் போன் போட்டுச் சொல்ல, சித்தீக் மதிய இடைவேளையில் வந்து, சட்டையை மாட்டிவிட்டு, கையைப் பிடித்து மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். இரண்டு தெருத் தள்ளித்தான் கடை. வீரபாண்டி தூக்குமேடைக்குப் போகிற மாதிரி நடந்தார்.

கண் பார்க்கிற பெண் ராதிகாவுக்கு நாகர்கோவில். ஒரு கண்ணை மூடச் சொல்லி எதிர்ச் சுவரில் எழுத்துகளைக் காட்டினார். வீரபாண்டி ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். பெரிய வரி, நடு வரி, கடைசி வரி. மறு கண்ணுக்கும் அப்படியே. சொல்லி முடித்துவிட்டு, "அதுக்கும் கீழ பொடியா அச்சகம் பேரு போட்டுருக்கு. அதையும் படிக்கணுமாம்மா?" என்றார்.

ராதிகா திரும்பிச் சுவரைப் பார்த்தார். அங்கே ஓர் எழுத்து வரிசை இருப்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். "யாருக்கு அண்ணே தூரம் தெரியலேன்னு சொன்னீங்க?"

வீரபாண்டி மலைக் கதையைச் சொன்னார். பச்சை, சிவப்பு, கலங்கல், பலகை எல்லாம் சொன்னார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். பிறகு ஒரு சின்ன அட்டையைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னார். வீரபாண்டி அதை வாங்கிக் கையை முழு நீளத்துக்கு நீட்டினார். அப்படியும் பத்தாமல் தலையைப் பின்னால் இழுத்தார்.

"போனையும் இப்படித்தான் பாப்பீங்களா?"

"ஆமா. இப்ப வர்ற போன்ல எழுத்தப் பொடியாத்தான் போடுறான்."

"அண்ணே, மலை எங்க இருக்கு?"

"தூரத்துல."

"மலை கம்ப்யூட்டர் உள்ள இருக்கு. கம்ப்யூட்டர் உங்க மூக்குக்கு ரெண்டடில இருக்கு. உங்க தூரத்துக்கு ஒரு கேடும் இல்ல. போனது பக்கம். இது வெள்ளெழுத்து, நாப்பது கழிஞ்சா எல்லாருக்கும் வாறதுதான்."

வீரபாண்டி அந்த அட்டையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். சித்தீக் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "ரெண்டு கம்பெனியும் கூட்டுக் களவாணின்னியே பாண்டி!" வீரபாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மருந்து விட்டாங்கல்ல, எரியுது" என்றார். ராதிகா மருந்தே விடவில்லை.

புதன்கிழமை கிரேன் ஏறினார். வியாழன் மெடிக்கல் தேறினார். ஞாயிறு கடைக்கு வந்தபோது மூக்கில் கறுப்புப் பிரேம் போட்ட படிப்புக் கண்ணாடி. இரண்டு கட்சியும் எழுந்து நின்று சலாம் வைத்தது. "வாத்தியாரைப்போல கிடக்கு அண்ணை" என்றார் சஜீவன். "தொழிலப் பாருப்பா" என்று அவரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து, இரண்டு மெஷினிலும் உச்சிக்கு ஏறினார். மலை ஊசி மாதிரி நின்றது. பலகையைச் சத்தமாகப் படித்தார். பச்சையில் ஒரு சுற்று, சிவப்பில் ஒரு சுற்று, திரும்பப் பச்சையில் ஒரு சுற்று.

"பச்சதான்யா அழகு" என்றார் விஜயபாஸ்கரிடம். "தண்ணில வானம் விழுதே, அதுக்கே கும்புடலாம்." விஜயபாஸ்கர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "ஆனா தூரம் ரெண்டுலயும் ஒண்ணுதான்."

கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். தெருக் கடைசியில், கட்டடங்களுக்குப் பின்னால், யாரோ ஒருவனுடைய கிரேன் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அது சுற்றி முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

சித்தீக் முக்காலி மேல் ஏறி, மேல்தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பெட்டிகள் மேலும் கையை வைத்துக்கொண்டு கத்தினார்: "எதுடா பாண்டி? கால் கடுக்குது, சொல்லித் தொலை!"

வீரபாண்டி வாசலிலிருந்து திரும்பினார். சுட்டுவிரலால் சிவப்புப் பெட்டியைக் காட்டினார். பிறகு அந்த விரலைத் தரையைப் பார்க்கத் திருப்பிச் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றினார். கிரேனுக்குக் கீழே நிற்கிறவன் மேலே இருக்கிறவனுக்குக் காட்டுகிற சாடை அது: இறக்கு, மெதுவாக இறக்கு. பதினெட்டு வருடமாக மேலேயிருந்து அந்த விரலுக்குக் கட்டுப்பட்டவர் அவர். சித்தீக் பெட்டியை நெஞ்சோடு அணைத்து ஒவ்வொரு காலாக இறங்கினார். பெட்டி மேஜைக் கண்ணாடியைத் தொடுகிற வரைக்கும் அந்த விரல் சுற்றிக்கொண்டே இருந்தது.